அழைப்பு அறுவதற்கு முந்தைய எட்டு நொடிகள்

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் ஒரு வளைவு. என் மடியில் மடிக்கணினி, அதோடு கேபிளில் இணைந்த இரண்டு கைபேசிகள், காரின் கூரையில் காந்தத்தால் ஒட்டிய ஜி.பி.எஸ். ஆன்டெனா. ஒரு கைபேசி தானாகவே ஓர் எண்ணை அழைத்து, இரண்டு நிமிடம் இணைப்பில் இருந்து, வைத்துவிட்டு மறுபடி அழைப்பதையே காலையிலிருந்து செய்துகொண்டிருந்தது. அந்த வளைவைத் தாண்டியதும் அழைப்பு அறுந்தது. அன்று மூன்று முறை அதே இறக்கத்தில் இறங்கினோம்; மூன்று முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் அறுந்தது. ஓட்டுநருக்கு இதில் ஆச்சரியம் ஏதுமில்லை. அந்த இடத்தில் தன் போனும் அப்படித்தான் என்றார். மலை மறைக்கிறது என்று காரணமும் சொன்னார்.

ஆனால் கைபேசித் திரையில் மூன்று கோடு சிக்னல் இருந்தது. மலை மறைத்திருந்தால் அது எங்கிருந்து வந்தது?

விடை மடிக்கணினியில் சேர்ந்துகொண்டிருந்த லாக் கோப்பில் இருந்தது. அதை வாசிக்கத் தெரியாதவருக்கு அது எண்களின் குப்பை. வாசிக்கப் பழகிவிட்டால், டவரும் கைபேசியும் பேசிக்கொண்டதை ஒட்டுக்கேட்பது போலிருக்கும். இந்தக் கட்டுரை அந்த ஒட்டுக்கேட்பைப் பற்றியது.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சிக்னல் வேறு, சிக்னலிங் வேறு. சிக்னல் என்பது காற்றில் வரும் அலையின் வலிமை. சிக்னலிங் என்பது பேச்சு. நாம் பேசும் குரலும் பார்க்கும் படமும் வலையமைப்பைப் பொறுத்தவரை சரக்கு. அந்தச் சரக்கை எந்த டவர் சுமப்பது, எந்த அலைவரிசையில், எப்போது அடுத்த டவரிடம் கைமாற்றுவது என்று தீர்மானிக்கத் தனியாக ஒரு பேச்சு ஓடுகிறது. வண்டி ஓடும் சத்தத்துக்கு நடுவே ஓட்டுநரும் நடத்துநரும் விசிலால் பேசிக்கொள்வதைப் போல. பயணிகள் அதைக் கவனிப்பதில்லை. லாக் கோப்பில் அந்த விசில் ஒவ்வொன்றும் நேரத்தோடு பதிவாகியிருக்கும்.

4ஜி கைபேசி ஒன்று இணைப்புக் கேட்பதையே பாருங்கள். சும்மா இருக்கும் கைபேசி, டவர் ஒலிபரப்பும் பொதுத் தகவல்களை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பேச வேண்டியது வந்ததும், 64 குறுஞ்சைகைகளில் ஒன்றை எடுத்து அனுப்புகிறது. வகுப்பறையில் கை தூக்குவது போன்றது இது. டவர் அதைப் பார்த்து, இந்த நேரத்தில் இந்த இடத்தில் பேசு என்கிறது. கைபேசி இணைப்புக் கோரிக்கையை அனுப்புகிறது. எதற்காக என்ற காரணமும் அதிலேயே இருக்கும். தானாக அழைக்கிறதா, வரும் அழைப்புக்குப் பதில் சொல்கிறதா, அவசர அழைப்பா என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். டவர் இணைப்பைத் தருகிறது. பிறகு சிம் அட்டை உண்மையானதுதானா என்ற சோதனை, ரகசியக் குறியாக்கத்தைத் தொடங்கும் கட்டளை, கைபேசிக்கு என்னென்ன தெரியும் என்ற விசாரணை. இவ்வளவும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. டவரோடு நடக்கும் இந்தப் பேச்சின் பெயர் ஆர்.ஆர்.சி. டவரைத் தாண்டி, உள்ளே இருக்கும் மைய வலையமைப்போடு கைபேசி நடத்தும் பேச்சுக்கு நாஸ் என்று பெயர். இரண்டையும் சேர்த்து இத்துறையில் இருப்பவர்கள் லேயர் 3 செய்திகள் என்பார்கள்.

குறியாக்கம் தொடங்கிய பிறகு காற்றில் போவதை வெளியாள் படிக்க முடியாதே, நாம் மட்டும் எப்படிப் படிக்கிறோம் என்று கேட்கலாம். நாம் காற்றிலிருந்து பிடிப்பதில்லை. கைபேசிக்குள் இருக்கும் மோடம் சிப் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள ஒரு வாசல் வைத்திருக்கிறது. அதன் வழியாக, பூட்டு திறந்த நிலையில் உள்ள செய்திகளைப் பெறுகிறோம். டெம்ஸ், நீமோ, எக்ஸ்கால் போன்ற கட்டண மென்பொருள்கள் இதைத்தான் செய்கின்றன. கற்றுக்கொள்பவர்களுக்கு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்து ஆய்வாளர்கள் உருவாக்கிய மொபைல்இன்சைட் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. ரூட் செய்த, அதாவது உள்மென்பொருளில் முழு அனுமதி பெற்ற, குவால்காம் சிப் உள்ள ஆண்ட்ராய்டு கைபேசி வேண்டும். இணையப் பொட்டலங்களைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்குக்கும் ஆர்.ஆர்.சி. மொழி தெரியும்.

அவ்வளவு தூரம் போக விருப்பமில்லை என்றால், பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் *#*#4636#*#* என்று அழுத்திப் பாருங்கள். செய்திகள் தெரியாது, எண்கள் தெரியும்.

அந்த எண்களில் முதலாவது ஆர்.எஸ்.ஆர்.பி. டவர் இடைவிடாமல் அனுப்பும் அடையாளச் சைகை கைபேசிக்கு எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பது இது. எப்போதும் கழித்தல் குறியோடு இருப்பதால் புதிதாகப் பார்ப்பவர்கள் மிரளுவார்கள். அளவு டெசிபெல் மில்லிவாட்டில். 0 என்றால் ஒரு மில்லிவாட். −30 என்றால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. −90 என்றால் ஒரு பிக்கோவாட், அதாவது ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, மூன்று குறைந்தால் ஏறக்குறைய பாதி. இந்த இரண்டு விதிகள் மனதில் இருந்தால் மடக்கை அட்டவணை தேவையில்லை. −80 நல்ல வெளிச்சம், −100 பரவாயில்லை, −110 மங்கல், −120 விளிம்பு என்று வைத்துக்கொள்ளலாம். திரையில் தெரியும் கோடுகளுக்கு எல்லாக் கைபேசிகளுக்கும் பொதுவான அளவு ஏதும் இல்லை; எந்த எண்ணுக்கு எத்தனை கோடு என்பதை மென்பொருள் எழுதியவர் தீர்மானிக்கிறார். கோடுகளை நம்பி யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம்.

இரண்டாவது எண், என் பார்வையில் முதலாவதைவிட முக்கியமானது: சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். எஸ்.ஐ.என்.ஆர். என்பார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் உரக்கத்தான் பேசுகிறார். ஆனால் மேளக்காரர்கள் நமக்குப் பின்னால் நிற்கிறார்கள். குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பது ஆர்.எஸ்.ஆர்.பி. சொல் புரிகிறதா என்பது இந்த விகிதம். இதுவும் டெசிபெல்லில்தான். 20க்கு மேல் இருந்தால் கொண்டாட்டம். 0 என்றால் பேச்சும் இரைச்சலும் சமம். அதற்குக் கீழே போனால் ஒவ்வொரு படியும் ஆபத்து. மொபைலில் மேளம் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் அடுத்த டவர்தான். 4ஜியில் எல்லா டவர்களும் ஒரே அலைவரிசையில் பேசுவது வழக்கம் என்பதால், ஊருக்குள் டவர்களை நெருக்கி நட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பு பாதிதான் உண்மை.

மூன்றாவது, பலர் பார்க்க மறக்கும் எண்: கைபேசி எவ்வளவு சக்தியில் கத்துகிறது என்பது. டவர் 40 வாட் வரைகூட எளிதாக அனுப்பும். கைபேசியின் உச்சவரம்பு வழக்கமாக 23 டெசிபெல் மில்லிவாட், அதாவது 0.2 வாட். எனவே டவர் சொல்வது நமக்குக் கேட்டாலும் நாம் சொல்வது டவருக்குக் கேட்காத இடங்கள் உண்டு. லாக்கில் இந்த எண் 23ஐத் தொட்டு அங்கேயே நின்றால் கைபேசி தொண்டை கிழியக் கத்துகிறது என்று பொருள். எதிர்முனையில் இருப்பவர் நாம் பேசுவது கேட்கவில்லை என்று சொல்ல, அவர் குரல் மட்டும் நமக்குத் தெளிவாகக் கேட்கும் விந்தைக்கு இது ஒரு காரணம்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிக்னல் நிறைய இருந்தும் இணையம் ஊர்கிறது என்ற புகாருக்கு லாக்கில் நேரடியான விடை கிடைக்கும். கைபேசி, வரும் சிக்னலின் தரத்தை 0 முதல் 15 வரை ஒரு மதிப்பெண்ணாக டவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. டவர் தன் கையில் உள்ள அலைவரிசையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மில்லிநொடியும் யாருக்கு எத்தனை கட்டம் என்று பங்கிடுகிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 4ஜியில் மொத்தம் 100 கட்டம். மதிப்பெண் 13, கிடைத்ததோ 8 கட்டம் என்றால் சிக்னலில் குறையில்லை, பந்தியில் கூட்டம். அதே இடத்தில் விடியற்காலை அளந்தால் 90 கட்டம் கிடைக்கும். மதிப்பெண்ணே 4 என்றால் சிக்னலின் தரம் மோசம். கட்டங்களை அள்ளிக் கொடுத்தும் பயனில்லை. இதில் ஒரு வழுக்குப்பாறை இருக்கிறது. நாம் தரவிறக்கும் சர்வரே மெதுவாக அனுப்பினாலும் கட்டங்கள் குறைவாகத்தான் கிடைக்கும், ஏனென்றால் நிரப்பச் சரக்கில்லை. கூட்டம் என்று அறிக்கை எழுதும் முன் வேறொரு சர்வரிலிருந்தும் இறக்கிப் பார்ப்பது நல்லது. நான் ஒருமுறை பார்க்காமல் எழுதி, பிறகு அசடு வழிந்திருக்கிறேன்.

இனி வளைவுக்குத் திரும்புவோம். ஒரு டவர் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியாகச் சேவை தரும் பகுதியைச் செல் என்பார்கள். ஓடும் வண்டியில் அழைப்பு அறாமல் இருப்பது ஹேண்ட்ஓவரால், அதாவது ஒரு செல் அடுத்த செல்லிடம் கைமாற்றுவதால். அது நடக்கும் முறை இதுதான். டவர் முன்கூட்டியே கைபேசிக்கு ஒரு நிபந்தனை சொல்லிவைக்கிறது: பக்கத்துச் செல் ஒன்று என்னைவிட 3 டெசிபெல் வலுவாகி, அந்த நிலை 320 மில்லிநொடி தொடர்ந்தால் எனக்குச் சொல். இது ஏ3 நிகழ்வு. 3, 320 ஆகியவை உதாரணங்கள். நிறுவனம் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். காத்திருப்பைக் குறைத்தால் கைபேசி இரண்டு செல்களுக்கிடையே பந்தாடப்படும். கூட்டினால் வேகமாகப் போகும் வண்டியில் தகவல் தாமதமாகும். நிபந்தனை நிறைவேறியதும் கைபேசி மெஷர்மென்ட் ரிப்போர்ட் என்ற அளவீட்டு அறிக்கையை அனுப்புகிறது. டவர் அந்தப் பக்கத்துச் செல்லோடு பேசி இடம் பிடித்துவிட்டு, அங்கே போ என்று கைபேசிக்குக் கட்டளையிடுகிறது. முடிவெடுப்பது டவர்தான், கைபேசி அல்ல. நம் கதைக்கு இது முக்கியம்.

எங்கள் லாக்கில் இருந்த அந்த எட்டு நொடிகளைத் தமிழில் சுருக்கித் தருகிறேன். செல்களை அவற்றின் அடையாள எண்ணால் குறிக்கிறேன்; 4ஜியில் அப்படி 0 முதல் 503 வரை எண்கள் உண்டு.

10:42:16.3 – இணைப்பில் உள்ள செல் 214: −95. பக்கத்துச் செல் 87: −101. விகிதம் 9.
10:42:17.9 – கைபேசி அனுப்புகிறது: அளவீட்டு அறிக்கை. 214: −98, 87: −94.
10:42:18.1 – அளவீட்டு அறிக்கை, மறுபடி.
10:42:18.4 – அளவீட்டு அறிக்கை, மறுபடி.
10:42:21.0 – 214: −102. 87: −93. விகிதம் −7. அறிக்கைகள் தொடர்கின்றன.
10:42:23.1 – விகிதம் −10. டி310 கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.
10:42:24.1 – கடிகாரம் முடிந்தது. ரேடியோ இணைப்புத் தோல்வி.
10:42:24.3 – கைபேசி, செல் 87இடம்: அறுந்த இணைப்பை மீட்டுத் தருமாறு கோரிக்கை.
10:42:24.4 – செல் 87: மறுப்பு.

புதியவர்கள் கடைசி இரண்டு வரியைப் பார்த்துவிட்டு செல் 87 மறுத்துவிட்டது, அதில் கோளாறு என்பார்கள். நானும் முதல் ஆண்டில் அப்படித்தான் எழுதியிருப்பேன். இறந்த நேரத்தைவிட நோய் தொடங்கிய நேரம் முக்கியம், 10:42:17.9இல் இருந்து வாசிக்க வேண்டும். அந்த நொடியில் கைபேசி தன் கடமையைச் செய்துவிட்டது. 87 என்னைச் சுற்றி வலுவாக இருக்கிறது, அனுப்பு என்று கேட்டுவிட்டது. பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டது. பதில் இல்லை. டி310 என்பது, டவரின் சைகை தொடர்ந்து புரியாமல் போனால் கைபேசி ஓடவிடும் கடிகாரம். இங்கே ஒரு நொடி. அதற்குள் நிலைமை தேறாவிட்டால் இணைப்பு போய்விட்டது என்று கைபேசியே முடிவுகட்டும்.

டவர் ஏன் பதில் சொல்லவில்லை? அறிக்கை போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். இங்கேதான் மூன்றாவது எண் கைகொடுக்கிறது. அறிக்கை போன நேரத்தில் கைபேசி 9 டெசிபெல் மில்லிவாட்டில்தான் அனுப்பிக்கொண்டிருந்தது, உச்சம் 23. கத்தவே இல்லை, ஏனென்றால் கத்தத் தேவையிருக்கவில்லை. கீழடுக்கில் பார்த்தால், பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புகையும் டவரிடமிருந்து வந்திருந்தது. ஆக, கேட்டது, செய்யவில்லை.

கேட்டும் செய்யாத டவருக்குப் பெரும்பாலும் ஒரு காரணம்தான்: 87 யாரென்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு செல்லிடமும் ஒரு பக்கத்துவீட்டுப் பட்டியல் இருக்கும். அதில் இல்லாத எண்ணைக் கைபேசி சொன்னால் யாரிடம் பேசி இடம் பிடிப்பது? செல் 87இன் மறுப்பும் இதோடு பொருந்துகிறது. முன்னறிவிப்பே இல்லாமல் வந்து நிற்கும் கைபேசியைப் பற்றி அதனிடம் ஒரு குறிப்பும் இல்லை. வேறு வழியில்லாமல் திருப்பி அனுப்பியது.

இதற்கு மிக அருகில், பேசுபவரின் காதுக்கு ஒன்றுபோலவே தோன்றும் இன்னொரு நோயும் உண்டு. மொத்தம் 504 எண்கள்தான் என்பதால் ஒரே எண்ணை வெவ்வேறு ஊர்களில் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பட்டியலில் 87 இருக்கிறது, ஆனால் அது மலைக்கு அந்தப் பக்கத்து 87. அப்போது டவர் ஒழுங்காகக் கட்டளை அனுப்பும். தவறான வீட்டில் இடம் பிடித்துவிட்டு அனுப்பும். கைபேசி கண்ணெதிரே இருக்கும் 87இன் கதவைத் தட்டி, திறக்காமல் திரும்பும். லாக்கில் வித்தியாசம் ஒரே வரி: இதில் கட்டளை வந்திருக்கும், நம்முடையதில் வரவில்லை. 5ஜியில் இந்த எண்களை 1008 ஆக்கியிருக்கிறார்கள். தொல்லை குறையும், ஒழியாது.

வேறு சில முகங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். ஏரியைத் தாண்டியோ மேட்டிலிருந்தோ எட்டிப்பார்க்கும் தொலைதூர டவர் ஒன்று திடீரென நம்மைப் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் அதன் பக்கத்துவீட்டார் யாரும் இல்லாததால் கைமாற்ற ஆளின்றி அழைப்பு அறும். இதைப் பிடிக்க டைமிங் அட்வான்ஸ் என்ற எண் உதவும்: 4ஜியில் ஒரு படி ஏறக்குறைய 78 மீட்டர் தூரம். அது 90 என்று காட்டினால் டவர் ஏழு கிலோமீட்டருக்கு அப்பால். ஊருக்கு நடுவே நின்றுகொண்டு அந்த எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வரும். இன்னொன்று, கேபிளை மாற்றிச் செருகிய டவர். லாக்கை வைத்து, செல்லுக்கு ஒரு நிறமாகத் தீட்டிய வரைபடத்தில் கிழக்கு நோக்கிய செல்லின் நிறம் மேற்கே பரவியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. சந்தேகத்துக்கு இடமில்லை, ஒருவர் மேலே ஏறி இரண்டு கேபிள்களை மாற்றினால் போதும்.

சலிப்பூட்டும் இரண்டு எச்சரிக்கைகள். லாக் கோப்பின் நேரம் சில மென்பொருள்களில் இந்திய நேரம், சிலவற்றில் உலக நேரம். ஐந்தரை மணி நேர இடைவெளியைக் கவனிக்காமல் தவறான அழைப்பை அலசி அரைநாளை வீணாக்கியவர்கள் ஏராளம். அடுத்தது, லாக்கில் உங்கள் சிம்மின் அடையாள எண்ணும் நீங்கள் போன வழி முழுவதும் இருக்கும். உதவி கேட்கிறேன் என்று கண்டவரிடமெல்லாம் கோப்பை அனுப்பாதீர்கள்.

தொப்பூர் விஷயத்தில் அலுவலகத்துக்கு நாங்கள் அனுப்பியது ஒரே வரி: 214இன் பட்டியலில் 87 இருக்கிறதா? இல்லை. 87 புதிதாக எழுப்பிய டவர். பழைய டவர்களின் பட்டியலில் அதைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. கைபேசிகள் சொல்வதைக் கேட்டுப் பக்கத்துவீட்டாரைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும் வசதி டவர்களில் உண்டு. அங்கே அதை அணைத்துவைத்திருந்தார்கள். மலையின் மேல் பழி போட்டுக்கொண்டு எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் அதே ஓட்டுநரோடு அதே இறக்கத்தில் இறங்கினோம். 214: −98, 87: −94. அளவீட்டு அறிக்கை போனது. 70 மில்லிநொடியில் கட்டளை வந்தது. அழைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் அப்போதும் அதே மூன்று கோடு.